முன்னாரவாரமும் ஆட்ட உவகையும்: ‘ஃபௌ-ஜி’, ‘வெண்பா’ ஆகிய காணொளி விளையாட்டுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

காணொளி விளையாட்டு ஒன்று வெளிவருமுன் அதனைச் சூழ்ந்து எழுப்பப்படும் ஆரவாரம், பின்னர் அதனை ஆடுவோரின் துய்ப்பைக் கெடுக்கிறதா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. 2021ஆம் ஆண்டு இந்தியாவில் வெளியான ‘ஃபௌ-ஜி’, கனடாவாழ் தமிழர் உருவாக்கி 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ‘வெண்பா’ ஆகிய இரண்டும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் வகைப்பாடு ஆய்வுக் கருவியாகப் பயன்படுத்தப்படுகிறது. முன்கூட்டியே அறிதல் துய்ப்பைக் கெடுப்பதில்லை என்பதும், ஆட்டத்துக்குரிய உவகையின் இடத்தில் பெருமிதத்தையும் மருட்கையையும் வைத்து விற்கும் ஆரவாரமே கெடுக்கிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள். அவ்வாரவாரத்தை மதிப்பிடுவதற்கு, திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் வழங்கும் மாதிரி ஒப்புதல் முறை ஓர் அளவுகோலாக முன்வைக்கப்படுகிறது.

திறவுச் சொற்கள்: காணொளி விளையாட்டு, முன்னாரவாரம், மெய்ப்பாடு, உவகை, பெருமிதம், ஏற்புக் கோட்பாடு, ஃபௌ-ஜி, வெண்பா.

முன்னுரை

நூல், நாடகம், திரைப்படம் ஆகியவற்றைப் போலவே காணொளி விளையாட்டும் இன்று தன் வெளியீட்டு நாளுக்கு நெடுங்காலம் முன்பே மக்களிடையே வாழத் தொடங்கிவிடுகிறது. அறிவிப்பு, முன்னோட்டக் காட்சி, முன்பதிவு, நேர்காணல், இரசிகர்களின் ஊகம் எனப் பல படிகளைக் கடந்த பின்னரே அது ஆடுவோரின் கைக்கு வருகிறது. இவற்றின் தொகுதியை இக்கட்டுரை ‘முன்னாரவாரம்’ என்னும் சொல்லால் குறிக்கிறது. வணிக விளம்பரம் இதன் ஒரு கூறு மட்டுமே. விளம்பரத்தைக் கண்டவர்கள் தமக்குள் வளர்த்துக்கொள்ளும் எதிர்பார்ப்பும் இதில் அடங்கும்.

முன்னாரவாரம் ஆட்டத்தைக் கெடுக்கிறது என்பது ஆடுவோரிடையே பரவலாக நிலவும் கருத்து. அக்கருத்தைத் தமிழ்த் திறனாய்வு இதுவரை போதிய அளவு எதிர்கொள்ளவில்லை. காணொளி விளையாட்டைப் பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் மாணவரின் அடிமைப்பழக்கம், கண்ணுக்கு ஏற்படும் தீங்கு, பணவிழப்பு என்னும் எல்லைக்குள் நின்றுவிடுகின்றன. அவை தேவையானவையே. எனினும், கோடிக்கணக்கானோர் நாள்தோறும் ஈடுபடும் ஒரு கலைவடிவத்தின் துய்ப்பு எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு குலைகிறது என்பதும் திறனாய்வாளர் கேட்கவேண்டிய வினாவாகும். திருப்பூர் நகரில் மட்டுமன்றி, மடத்துக்குளம் வட்டத்தில் அமராவதி ஆற்றங்கரையில் அமைந்த கொமரலிங்கம் போன்ற பேரூர்களிலும் இன்று காணொளி விளையாட்டு என்பது பெரும்பாலும் கைப்பேசி விளையாட்டே. விலையின்றிக் கிடைப்பதால் இதில் இழப்பு ஏதும் இல்லை என்று கருதுவது பிழை. ஆடுபவர் செலவிடுவது ஓய்வுநேரம். அத்துடன், தம் மொழியிலும் தம் நாட்டிலும் இனி உருவாகக்கூடிய விளையாட்டுகள் மீது அவர் வைக்கும் நம்பிக்கை.

முன்னறிவு வேறு, முன்னாரவாரம் வேறு

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒன்றைப் பற்றி முன்பே அறிந்திருப்பதனால் அதனைத் துய்க்கும் இன்பம் குன்றும் எனில், தமிழ் மரபின் நிகழ்த்துகலைகளுள் பெரும்பாலானவை என்றோ வழக்கொழிந்திருக்கும். கொங்கு நாட்டில் உடுக்கையடித்துப் பாடப்படும் அண்ணன்மார் கதை இதற்குத் தக்க சான்று. பொன்னரும் சங்கரும் இறுதியில் மடிவர் என்பதைக் கேட்போர் அனைவரும் அறிவர். அறிந்தே அமர்ந்திருப்பர், படுகளத்தின்போது அழுவர், சிலர் மருள் கொள்வர். காங்கயம் பகுதியைச் சேர்ந்த ஓலப்பாளையத்தில் 1960களில் இக்கதைப்பாடலை ஒலிப்பதிவு செய்த கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக்கின் பணி வழியாக இம்மரபு பிற நாட்டினரும் அறியும் நிலையை அடைந்தது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேடத்தின் வருகையை அறிவிப்பதும், திரைக்குப் பின் நின்று வேடதாரி தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்வதும் ஒருவகை முன்னறிவிப்பே. திரை விலகும்போது எழும் மகிழ்ச்சியை அவை குறைப்பதில்லை, பெருக்குகின்றன.

உளவியல் ஆய்வும் இதற்கு ஓரளவு துணைநிற்கிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த லீவிட், கிறிஸ்டென்ஃபெல்ட் ஆகிய இருவர் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சிறுகதைகளின் முடிவை முன்பே அறிந்து படித்தவர்கள் அறியாது படித்தவர்களைவிடக் கூடுதலாக இன்புற்றனர் என்னும் முடிவு பெறப்பட்டது. பின்வந்த ஆய்வுகளுள் இதற்கு மாறான முடிவைத் தந்தவையும் உள. எவ்வாறாயினும், முன்னறிவு ஒன்றே துய்ப்பை அழித்துவிடும் என்று பொதுவிதி கூற இடமில்லை என்பது தெளிவு.

ஆகவே குறை வேறெங்கோ உள்ளது. கட்டியங்காரன் அறிவிப்பது அடுத்த கணம் அவையில் தோன்றப் போகும் வேடத்தை. அறிவிப்புக்கும் தோற்றத்துக்கும் இடையே முரண் இல்லை. அவன் கர்ணனை அறிவித்துவிட்டு அவையில் வேறொரு வேடம் வந்து நின்றால், வந்தவர் எத்துணைச் சிறப்பாக ஆடினும் அவையோர் கர்ணனையே தேடிக்கொண்டிருப்பர்.

எதிர்பார்ப்பும் மெய்ப்பாடும்

எதிர்பார்ப்புக்கும் துய்ப்புக்கும் உள்ள உறவை இரு துறையினர் இருவேறு வகையில் விளக்கியுள்ளனர். ஜெர்மானிய இலக்கிய அறிஞர் ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ், வாசகர் ஒவ்வொருவரும் ஓர் எதிர்பார்ப்பு எல்லையுடன் பனுவலை அணுகுகின்றனர் என்றார். அவ்வெல்லையைப் பனுவல் அசைத்து விரிவாக்கும்போது அழகியல் மதிப்புப் பிறக்கிறது என்பது அவர்தம் ஏற்புக் கோட்பாட்டின் அடிப்படை. இதன்படி எதிர்பார்ப்பு பொய்த்தல் சில வேளைகளில் நன்மையே. இதற்கு மாறாக, நுகர்வோரின் மனநிறைவை ஆராய்ந்த ரிச்சர்ட் ஆலிவர் 1980ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், எதிர்பார்த்ததற்கும் பெற்றதற்கும் உள்ள இடைவெளியே நிறைவையும் குறையையும் முடிவு செய்கிறது என்றார். இதன்படி எதிர்பார்ப்பு பொய்த்தல் இழப்பாகும்.

காணொளி விளையாட்டு கலையாகவும் சரக்காகவும் ஒருசேர விளங்குவதால் இவ்விரு விளக்கங்களும் அதற்குப் பொருந்துகின்றன. ஆயினும் இவை எதிர்பார்ப்பின் அளவைப் பேசுகின்றனவே தவிர, எத்தகைய உணர்ச்சி எதிர்பார்க்கப்பட்டது என்பதைப் பேசவில்லை. அவ்விடத்தில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நமக்குக் கூரிய கருவியாகிறது.

மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என வகுக்கிறது. மருட்கை என்னும் வியப்பு புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவற்றில் பிறக்கும். பெருமிதம் கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகியவற்றில் பிறக்கும். உவகை செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகியவற்றில் பிறக்கும். விளையாட்டு என்பதற்கு ஆறும் குளமும் சோலையும் சென்று ஆடுதலை உரைமரபு பொருளாகக் காட்டும். செய்யுளை நோக்கி எழுந்த இவ்வகைப்பாட்டைத் திரையில் ஆடும் ஆட்டத்துக்கு விரித்துரைக்கும்போது எச்சரிக்கை தேவை. எனினும் ஒரு செய்தி கருதத்தக்கது: தொல்காப்பியர் விளையாட்டை வியப்பின் கீழும் வைக்கவில்லை, பெருமிதத்தின் கீழும் வைக்கவில்லை, துன்பம் நீங்கிய உவகையின் கீழ் வைத்தார்.

முன்னாரவாரமோ பெரும்பாலும் உவகையை அறிவிப்பதில்லை. அறிவிக்கவும் அதனால் இயலாது. ஒரு பொத்தானை அழுத்தும்போது கைக்கும் கண்ணுக்கும் இடையே உண்டாகும் இசைவு, ஒரு புதிர் அவிழும்போது உண்டாகும் தெளிவு ஆகியவை ஆடும்போதே பிறப்பவை. ஆகவே முன்னோட்டக் காட்சி தன்னால் காட்டமுடிந்தவற்றைக் காட்டுகிறது. இதுவரை கண்டிராதது என்கிறது, அது புதுமை. அளவிறந்தது என்கிறது, அது பெருமை. நம் நாட்டினது, நம் வீரருடையது, நம் நாயகர் அறிவித்தது என்கிறது, அது பெருமிதம். மருட்கையின் நிலைக்களன்களுள் ஆக்கம் மட்டுமே, அதாவது ஒன்று மற்றொன்றாக மாறுதல் மட்டுமே, ஆடுபவரின் கைவழியே நிகழக்கூடியது. அதனை முன்னோட்டம் எடுத்துரைக்க முடிவதில்லை.

‘ஃபௌ-ஜி’: பெருமிதத்தின் அறிவிப்பு

2020 செப்டம்பர் 2ஆம் நாள் இந்திய அரசு 118 செயலிகளைத் தடைசெய்தது. அவற்றுள் ஒன்று இளைஞரிடையே பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த ‘பப்ஜி மொபைல்’. இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 4 அன்று, இந்தி நடிகர் அக்சய் குமார் ‘ஃபௌ-ஜி’ என்னும் விளையாட்டை அறிவித்தார். உருவாக்கியது பெங்களூருவைச் சேர்ந்த என்கோர் கேம்ஸ் நிறுவனம். இந்தியில் ‘ஃபௌஜி’ என்பது படைவீரரைக் குறிக்கும் சொல். ‘பப்ஜி’ என்பதனோடு அது இயைபுத் தொடை கொண்டு ஒலிப்பதையும் எவரும் உணரலாம். நிகர வருவாயில் 20 விழுக்காடு, உயிர்நீத்த வீரர்களின் குடும்பங்களுக்கு உதவும் ‘பாரத் கே வீர்’ அறக்கட்டளைக்கு வழங்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் தசராவையொட்டி முன்னோட்டக் காட்சி வந்தது. நவம்பர் இறுதியில் முன்பதிவு தொடங்கியபோது ஒரே நாளில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். 2021 சனவரி 26 அன்று, குடியரசு நாளில், விளையாட்டு வெளியானது.

இவ்வறிவிப்பை மெய்ப்பாட்டு நோக்கில் காண்போம். கல்வான் பள்ளத்தாக்கில் போரிடும் வீரர் என்னும் கருப்பொருளில் தறுகண் உள்ளது. புகழ்பெற்ற நடிகரின் வாயிலாக அறிவித்ததில் இசைமை உள்ளது. வருவாயின் பங்கை ஈவதில் கொடை உள்ளது. பெருமிதத்தின் நான்கு நிலைக்களன்களுள் மூன்று ஓர் அறிவிப்பில் ஒருங்கே அமைந்துவிட்டன. ஆடும் முறை யாது, எத்தனை பேர் சேர்ந்து ஆடலாம், கை எதனைக் கற்கவேண்டும் என்பன போன்ற உவகைக்குரிய செய்திகளுக்கு அவ்வறிவிப்பில் இடம் மிகக் குறைவு. அவ்வெற்றிடத்தை ஆடுவோர் தம் நினைவில் இருந்த ‘பப்ஜி’யைக் கொண்டு நிரப்பிக்கொண்டனர்.

வெளிவந்த விளையாட்டில் இருந்தது ஒருவரே ஆடும் கதைப்போக்கு மட்டும். வீரர் ஒருவர் குறித்த பாதையில் நடந்து, எதிர்ப்படுவோரை வெறுங்கையாலும் கிடைக்கும் கருவிகளாலும் தாக்கி, தீமூட்டிய இடத்தில் அமர்ந்து வலிமை பெற்று, மீண்டும் நடக்கவேண்டும். பலர் ஒரே களத்தில் இறங்கி ஒருவர் எஞ்சும்வரை போரிடும் முறையும், அணிகளாகப் பிரிந்து மோதும் முறையும் பின்னர் வரும் என்னும் குறிப்போடு நின்றன. வெளியான சில நாள்களில் கூகுள் பிளே தளத்தில் அதன் மதிப்பீடு 4க்கு மேலிருந்து 3ஐ ஒட்டிச் சரிந்தது. அணிகளாக மோதும் முறையின் சோதனை வடிவம் 2021 சூனில்தான் வந்தது. சூலை 2 அன்று ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ வெளியானபோது, ஆடுவோர் தேடிக்கொண்டிருந்தது அவர்களுக்கு வேறிடத்தில் கிடைத்தது.

இங்கு நடுநிலையோடு இரண்டைக் கூறவேண்டும். முதலாவது, முன்னோட்டக் காட்சி பொய்யான எதனையும் காட்டிவிடவில்லை. அதில் இருந்தது கைகலப்பே. விளையாட்டில் இருந்ததும் கைகலப்பே. தடைக்கு முன்பே பணி தொடங்கிவிட்டதாக உருவாக்குநர்களும் விளக்கினர். ஆகவே எதிர்பார்ப்பைத் தோற்றுவித்ததில் காட்சியைவிட அறிவிப்பின் காலத்துக்கும் பெயரின் ஓசைக்கும் பெரும் பங்கு உண்டு. இரண்டாவது, முன்னாரவாரத்தை நீக்கிப் பார்த்தாலும் அவ்விளையாட்டில் குறைகள் உள்ளன. ஒரே வகையான மோதல் மீண்டும் மீண்டும் வருவது முதன்மையான குறை. ஆனால் அக்குறையைச் சுட்டிக்காட்டிய திறனாய்வைவிட ‘இது பப்ஜி இல்லை’ என்னும் குரலே ஓங்கி ஒலித்தது. விளையாட்டு எதுவாக இருந்தது என்பதைப் பேசுவதற்கு முன்பே, எதுவாக இல்லை என்பது தீர்ப்பாகிவிட்டது. மறுபுறம், குறை கூறுவோர் நாட்டுப்பற்று இல்லாதவர் என்று எதிர்க்குரலும் எழுந்தது. பெருமிதத்தை வாக்களித்த ஆரவாரத்தில் உவகை பற்றிய பேச்சுக்கு இருபுறமும் இடமில்லாது போயிற்று.

திரைப்படத்தினின்றும் விளையாட்டு வேறுபடும் இடம்

தமிழர்க்கு முன்னாரவாரம் புதிதன்று. 2016 மே 1 அன்று ‘கபாலி’ திரைப்படத்தின் முன்னோட்டம் வெளியானதும், விமானத்தில் அதன் ஓவியம் தீட்டப்பட்டதும், படம் வெளியான சூலை 22 அன்று சில நிறுவனங்கள் விடுமுறை அறிவித்ததும் நினைவிருக்கலாம். முன்னோட்டம் எழுப்பிய எதிர்பார்ப்புக்கும் படத்தின் அமைதியான போக்குக்கும் இடையே இருந்த தொலைவும் அப்போது பேசப்பட்டது. ஆயினும் திரையரங்கில் ஆரவாரம் துய்ப்பின் பகுதியாகவே அமைந்துவிடுகிறது. முதற்காட்சிக் கூட்டம் தன் எதிர்பார்ப்பை அரங்குக்குள் கொண்டுவந்து அங்கேயே கொண்டாடித் தீர்க்கிறது. படம் அக்கூட்டத்தைத் தன் போக்கில் முடிவுவரை அழைத்துச் செல்கிறது.

விளையாட்டில் அவ்வாறு அழைத்துச் செல்வார் இல்லை. அதனைக் கற்கவேண்டும். தொடக்க மணிநேரங்களில் ஆடுபவர் தடுமாறுவார், தோற்பார், விதிகளை ஒவ்வொன்றாக உணர்வார். அப்பொறுமையின் பயனாகவே பின்னர் உவகை பிறக்கிறது. முன்னாரவாரத்தால் வேறொன்றை எதிர்பார்த்து வந்தவர், கற்கவேண்டிய நேரத்தில் தேடுகிறார். காட்டப்பட்ட காட்சி எங்கே, சொல்லப்பட்ட வசதி எங்கே என்று சோதிப்பவராகிறார். சோதிப்பவர் ஆடுவதில்லை. விளையாட்டின் துய்ப்பை முன்னாரவாரம் கெடுக்கும் வழி இதுவே எனக் கருதலாம். இவ்வழி திரைப்படத்துக்கு ஓரளவே பொருந்தும். விளையாட்டுக்கு முழுமையாகப் பொருந்தும்.

பிறநாட்டுச் சான்றுகள் இரண்டு இதனை உறுதிப்படுத்துகின்றன. இங்கிலாந்தின் ஹலோ கேம்ஸ் என்னும் சிறு குழு உருவாக்கிய ‘நோ மேன்ஸ் ஸ்கை’ 2013 திசம்பரில் அறிவிக்கப்பட்டு 2016 ஆகத்தில் வெளியானது. எண்ணிறந்த கோள்களைக் கொண்ட பேரண்டம் என்பது அதன் வாக்குறுதி. மெய்ப்பாட்டு மொழியில் கூறின், பெருமை பற்றிய மருட்கை. வெளியான ஓரிரு நாள்களில், ஒரே கோளின் ஒரே இடத்தில் நின்ற இருவர் ஒருவரையொருவர் காணமுடியவில்லை என்னும் செய்தி பரவி ஏமாற்றம் சினமாக மாறியது. விளம்பரம் பற்றிய முறையீடுகளை ஆராய்ந்த பிரித்தானிய விளம்பரத் தர ஆணையம் 2016 நவம்பரில் விதிமீறல் இல்லை என முடிவு செய்தது. எனவே சட்டத்தின் அளவுகோலுக்கும் துய்ப்பின் அளவுகோலுக்கும் வேறுபாடு உண்டு. அதே விளையாட்டு, தொடர்ந்து மேம்படுத்தப்பட்டு 2018 சூலையில் பலர் கூடி ஆடும் வசதியையும் பெற்றபின் நன்மதிப்பை மீட்டது.

போலந்தின் சிடி புராஜெக்ட் நிறுவனத்தின் ‘சைபர்பங்க் 2077’ அவ்வகையினின்றும் வேறுபட்டது. 2012இல் அறிவிக்கப்பட்ட அது 2020 திசம்பர் 10 அன்று வெளியானபோது 80 இலட்சம் முன்பதிவுகளைப் பெற்றிருந்தது. வெளியீட்டுக்கு முன் திறனாய்வாளர்க்குக் கணினிக்கான வடிவம் மட்டுமே தரப்பட்டது. பழைய ஆட்டக்கருவிகளில் அது இயங்கும் நிலை மறைந்தே இருந்தது. பழுதுகள் மிகுந்ததால் சோனி நிறுவனம் ஒரு வாரத்துக்குள் தன் இணையக் கடையிலிருந்து அதனை நீக்கியது. 2021 சூனில்தான் மீண்டும் அனுமதித்தது. இங்கு நிகழ்ந்தது எதிர்பார்ப்பின் மிகை மட்டுமன்று. மாதிரி ஒன்றாகவும் சரக்கு மற்றொன்றாகவும் இருந்த நிலை. இவ்விரண்டையும் முன்னாரவாரம் என்னும் ஒரே பெயரால் பழிப்பது ஆய்வுக்கு உதவாது.

‘வெண்பா’: உவகையின் அறிவிப்பு

இனித் தமிழுக்கு நெருங்கிய சான்று. கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த விசை கேம்ஸ் குழு உருவாக்கிய ‘வெண்பா’ 2023 சூலை 31 அன்று வெளியானது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவர் கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் வாழ்வைச் சமையல் வழியே சொல்வது அது. தாய் தந்த சமையற் குறிப்பேடு சிதைந்திருக்கிறது. எழுத்துகள் அழிந்த இடங்களை ஆடுபவர் தம் அறிவாலும் ஊகத்தாலும் நிரப்பிச் சமைக்கவேண்டும். முதற்சமையல் இட்லி. பிற்பகுதியில், தமிழைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும் மகன் அதே குறிப்பேட்டை எதிர்கொள்கிறான். ஒன்றரை மணிநேர அளவில் முடிந்துவிடும் இச்சிறு விளையாட்டு 2024ஆம் ஆண்டு பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைகள் கழகத்தின் விளையாட்டு விருதுகளுள் அறிமுக விளையாட்டுக்கான விருதைப் பெற்றது.

‘வெண்பா’வுக்கும் முன்னாரவாரம் இருந்தது. பன்னாட்டு அரங்கில் தமிழ்ப் பெயருடன், தமிழர் சமையலுடன் ஒரு விளையாட்டு வருகிறது என்னும் செய்தி தமிழரிடையே பெருமிதத்தைத் தோற்றுவித்தது இயல்பே. ஆயினும் அதன் முன்னோட்டக் காட்சிகள் முன்னிறுத்தியவை அடுப்பு, பாத்திரம், தாளிக்கும் ஓசை, தாயும் மகனும் பேசும் பேச்சு ஆகியவை. விளையாட்டில் இருப்பவையும் அவையே. அறிவிப்பு முழுவதும் புலன் சார்ந்ததாக, அதாவது உவகையின் நிலைக்களன்களுள் ஒன்றைச் சார்ந்ததாக அமைந்தது. பெருமிதம் அதனுடன் வந்து சேர்ந்ததே ஒழிய அதன் இடத்தைக் கவர்ந்துகொள்ளவில்லை.

இட்லி எவ்வாறு வேகும் என்பதை அறிந்த தமிழருக்கு முதற்புதிரின் விடை முன்பே தெரியும். அவர்தம் துய்ப்பு அதனால் குன்றவில்லை. தம் அடுக்களை அறிவு ஓர் ஆட்டத்தின் விதியாக மாறுவதைக் காணும் வியப்பு அங்கே பிறக்கிறது. இது புதுமை பற்றியது அன்று, ஆக்கம் பற்றியது. முன்னறிவு கெடுப்பதில்லை என்னும் முற்கூற்றுக்கு இதனைவிடத் தக்க சான்று தேடவேண்டியதில்லை. இவ்விளையாட்டின் மீது கூறப்பட்ட முதன்மைக் குறை அதன் நீளம் போதாது என்பது. அக்குறையும் விளையாட்டைப் பற்றியதாகவே இருக்கிறது. வாராத வேறொன்றைப் பற்றியதாக இல்லை.

இவ்வொப்பீட்டின் வரம்பையும் குறிப்பிடவேண்டும். ‘ஃபௌ-ஜி’ விலையின்றிக் கைப்பேசியில் பல இலட்சம் பேரைச் சென்றடைந்தது. ‘வெண்பா’ வெளியானபோது கணினிக்கும் விலையுயர்ந்த ஆட்டக்கருவிகளுக்குமே கிடைத்தது. அது பேசும் அடுக்களைகளுக்கு உரியவர்களுள் பெரும்பாலோர் அதனை ஆடும் வாய்ப்பைப் பெற்றிலர். பெருந்திரளின் எதிர்பார்ப்பை நிறைவு செய்யவேண்டிய சுமை அதற்கு இல்லை. ஆகவே வெற்றி தோல்விகளை ஒப்பிடுவது இங்கு நோக்கமன்று. அறிவிப்பின் மெய்ப்பாட்டுக்கும் ஆட்டத்தின் மெய்ப்பாட்டுக்கும் உள்ள இயைபை ஒப்பிடுவதே நோக்கம்.

மாதிரி ஒப்புதல் என்னும் அளவுகோல்

முன்னாரவாரத்தை மதிப்பிடத் திறனாய்வாளர்க்கு ஓர் அளவுகோல் தேவை. அதனைத் திருப்பூர் வட்டாரத்தின் தொழில் வழக்கிலிருந்தே பெறலாம். பின்னலாடை ஏற்றுமதியில் ‘சாம்பிள்’ என்பது காட்சிப்பொருள் அன்று; உடன்படிக்கையின் பகுதி. சாயத்தின் நிறம் ‘லேப் டிப்’ என்னும் சிறு துணுக்கில் காட்டப்பட்டு ஒப்புதல் பெறவேண்டும். அளவும் தையலும் தனித்தனி மாதிரிகளில் சரிபார்க்கப்படும். ‘பையர்’ ஒப்பிய மாதிரி ஒன்று இருதரப்பிலும் பாதுகாக்கப்படும். பெருமளவு உற்பத்தி முடிந்து பெட்டியில் அடைக்குமுன் அம்மாதிரியோடு சரக்கை ஒப்பிட்டுப் பார்ப்பர். துணியின் ‘ஜிஎஸ்எம்’ குறைந்தாலோ நிறம் மாறினாலோ சரக்கு திருப்பப்படலாம் அல்லது விலை குறைக்கப்படலாம். மாதிரி காட்டியவர் அதற்குக் கட்டுப்பட்டவர்.

காணொளி விளையாட்டின் முன்னோட்டமும் ஒரு மாதிரியே. ஆனால் அதற்குக் கட்டுப்படும் கடமை எவர்க்கும் இல்லை. அதனைப் பாதுகாத்து ஒப்பிடும் பழக்கமும் ஆடுவோரிடம் இல்லை. முன்பதிவு செய்பவர் மாதிரியைத் தொட்டுப் பார்க்காமலேயே ஒப்புதல் தந்துவிடுகிறார். இவ்வளவுகோலின்படி மூன்று வினாக்களை எழுப்பலாம். காட்டப்பட்டது ஆடக்கூடியதா, காணமட்டும் கூடியதா? காட்டப்பட்ட கருவியும் ஆடுபவர் கையில் உள்ள கருவியும் ஒன்றா? காட்டப்பட்டது விளையாட்டின் எக்கூற்றுக்கு மாதிரி, ஆட்டத்துக்கா அன்றி அதன் பெருமைக்கா? முதல் வினா ‘நோ மேன்ஸ் ஸ்கை’யையும், இரண்டாவது ‘சைபர்பங்க் 2077’ஐயும், மூன்றாவது ‘ஃபௌ-ஜி’யையும் விளக்கப் போதுமானவை.

இவ்வொப்புமைக்கு ஒரு மறுப்பு எழலாம். ஆடை முன்பே முடிவு செய்த அளவுக்குத் தைக்கப்படுவது. விளையாட்டு உருவாகும்போதே மாறுவது. மாதிரிக்குக் கட்டுப்படுத்தினால் படைப்புரிமை குன்றும் என்பது அம்மறுப்பு. இதில் உண்மை உண்டு. மாறக்கூடாது என்று இவ்வளவுகோல் கோரவில்லை. மாறியதை வெளியீட்டுக்கு முன் அறிவிக்கவேண்டும் என்றே கோருகிறது. நிறம் மாறினால் புதிய துணுக்கை அனுப்பி மறு ஒப்புதல் பெறுவது திருப்பூரில் அன்றாட நடைமுறை.

காத்திருத்தலே ஓர் இன்பம். அதனை ஏன் குறைகூறவேண்டும் என்று மற்றொரு மறுப்பும் எழலாம். இதனையும் ஏற்கலாம். ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி என்னும் சிறு குழு 2019 பிப்ரவரியில் அறிவித்த ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ 2025 செப்டம்பர் 4 அன்றுதான் வெளியானது. ஆறாண்டுக்கும் மேற்பட்ட காத்திருப்பில் உருவாக்குநர்கள் பெரும்பாலும் பேசாதிருந்தனர். இரசிகர்கள் தமக்குள் நகையாடிக்கொண்டே காத்திருந்தனர். வெளியானபின் அதன் கடுமையைப் பற்றி வாதங்கள் எழுந்தனவே அன்றி, வாக்களித்தது இல்லை என்னும் முறையீடு பெரிதாக எழவில்லை. காத்திருப்பின் நீளமும் ஆரவாரத்தின் அளவும் தம்மளவில் தீங்கு செய்வன அல்ல என்பதற்கு இதுவும் சான்று.

முடிவுரை

வெளியீட்டுக்கு முந்தைய ஆரவாரம் காணொளி விளையாட்டின் துய்ப்பைக் கெடுக்கிறதா என்னும் வினாவுக்கு, அவ்வாரவாரம் எந்த மெய்ப்பாட்டை வாக்களித்தது என்பதைப் பொறுத்தே விடை அமையும். ஆட்டத்துக்குரிய உவகையை, முழுமையாக இல்லாவிடினும் அதன் சுவடளவேனும், அறிவிக்கும் முன்னாரவாரம் கட்டியங்காரனின் அறிவிப்பைப் போன்றது. பெருமிதத்தையும் மருட்கையையும் அறிவித்து அவற்றையே ஆட்டமாக எண்ணச் செய்யும் முன்னாரவாரம், ஆடுபவரைச் சோதிப்பவராக மாற்றி, கற்கும் பொறுமையைப் பறித்து, துய்ப்பைக் கெடுக்கிறது.

இதனால் பாதிக்கப்படுவோர் ஆடுபவர் மட்டுமல்லர். இந்திய மொழிகளில் விளையாட்டு உருவாக்கும் சிறு குழுக்கள், ஒரு பேராரவாரம் பொய்த்தபின் எஞ்சும் நம்பிக்கையின்மையையும் சுமக்கவேண்டியுள்ளது. ‘நம்முடையது’ என்னும் பெருமிதம் ஒரு விளையாட்டைப் பதிவிறக்கச் செய்யலாம். மறுநாள் அதனைத் திறக்கச் செய்யாது. தமிழில் ஒரு விளையாட்டு அறிவிக்கப்படும்போதெல்லாம் அதன் மொழிக்காகவே அதனைப் போற்றுவதும், அது வெளியானபின் அமைதி காப்பதும் திறனாய்வாகா. அறிவிப்பு வந்த நாளில் அதனை மாதிரியாகப் பதிவுசெய்து, வெளியான பின் ஆடிப்பார்த்து இரண்டையும் அருகருகே வைத்து எழுதும் வழக்கத்தைத் தமிழ் ஆய்விதழ்களும் கல்லூரித் தமிழ்த்துறைகளும் தொடங்கலாம். கைப்பேசி விளையாட்டை ஆடி வளர்ந்த மாணவர்களே இன்று ஆய்வு மாணவர்களாக வருகின்றனர் என்பதால், அதற்குரிய ஆள்வளம் வகுப்பறையில் முன்பே அமர்ந்திருக்கிறது.